ஸ்கோப் ரூமில் நான் படுத்த நாள்

1. அண்ணியின் போன்

அண்ணனுக்குக் குடலில் கட்டி என்று அண்ணி போனில் சொன்னபோது, நான் ஒரு ஸ்கோப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். என் வேலையே அந்த ரூமில்தான். கேமரா வைத்த நீளக் குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபிக்கு ஆட்களைத் தயார் செய்வதும், டாக்டர் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுப்பதும், கடைசியில் குழாயைக் கழுவி மாட்டுவதும் என் பொறுப்பு.

"மேரி, ஒங்க அண்ணனுக்குத் திருச்சியில டெஸ்ட் எடுத்தாங்க. கொடல்ல கட்டியாம். பெரிய ஆபரேஷன்னு சொல்றாங்க" என்றார் அண்ணி.

"நான் இங்க இருக்கயில எதுக்கு அண்ணி திருச்சிக்குப் போனீங்க?"

"ஒன்கிட்ட வரக் கூச்சம் அவுகளுக்கு."

ஒரு வருஷமாக ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று தானே முடிவு செய்துகொண்டு, துத்தி இலையை வதக்கித் தின்றுகொண்டு எங்கள் ஊர் ஆவூரில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அழுகை அப்புறம்தான் வந்தது. ஊரில் உள்ளவர்கள் வயிற்றையெல்லாம் பார்க்கிற ரூமில் நான் நிற்கிறேன், கூடப் பிறந்தவர் என்னைத் தவிர்த்துவிட்டு எதிர்த் திசையில் பஸ் ஏறியிருக்கிறார்.

ஆபரேஷன் முடிந்து வார்டில் பார்த்தேன். குடலை வெட்டி, வயிற்றில் துளை போட்டு, மலம் வெளியேற ஒரு பை மாட்டியிருந்தார்கள். போர்வையை இழுத்து அதை மூடிக்கொண்டார்.

"ஏண்ணே எங்கிட்டச் சொல்லல?"

"தங்கச்சிகிட்டப் போயி அதை எப்படிம்மா சொல்றது?"

அதற்கு மேல் சண்டை போட முடியவில்லை. கிளம்பும்போது திருச்சி டாக்டர் என்னை நிறுத்தி, "கூடப் பிறந்தவங்க எல்லாரும் ஒரு தடவை பாத்துக்கணும், சிஸ்டர். ஒங்களுக்கே தெரியும்" என்றார். தெரியும். நானே எத்தனையோ குடும்பங்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் மிச்சம் இருந்தது நானும், ஆலங்குடியில் மினி லாரி ஓட்டும் தம்பி லூர்துவும்.

லூர்துவுக்குப் போன் போட்டேன். "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. தேங்கா லோடு இருக்கு, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டான்.

2. பவுடர்

எங்கள் டாக்டர் எனக்கு ஒரு வியாழக்கிழமை தேதி கொடுத்தார். இரண்டு நாள் முன்பே கீரை, பழம், பருப்பு எல்லாம் நிறுத்த வேண்டும். முந்தின நாள் திட உணவே கூடாது. இளநீர், வடிகட்டிய ரசம், பால் விடாத டீ இவ்வளவுதான். சாயந்திரம் பேதிப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, சிறுகச் சிறுகக் குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். மீதியை விடியலில் குடிக்க வேண்டும். கடைசியில் வெறும் மஞ்சள் தண்ணீராகப் போனால்தான் குடல் சுத்தம் என்று அர்த்தம்.

இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் அந்தப் பவுடரை ஒரு வாய்கூடக் குடித்துப் பார்த்ததில்லை. "எலுமிச்சை ஜூஸ் மாதிரி இருக்கும்ங்க" என்று வாய் கூசாமல் சொல்லிவந்திருக்கிறேன். உப்புக் கடலில் எலுமிச்சைத் தோலை ஊறப்போட்ட மாதிரி இருந்தது. மூன்றாவது டம்ளரில் குமட்டியது. ஃப்ரிட்ஜில் வைத்துக் குடித்தால் கொஞ்சம் இறங்கும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். குளிர் எடுத்து உதறும் என்பதையும்தான்.

அதெல்லாம் உடம்புக்கு. மனசு பட்டது வேறு. ஒவ்வொரு தடவையும் ஃப்ளஷ் செய்வதற்கு முன் குனிந்து பார்த்தேன். ரத்தம் இருக்கிறதா, கறுப்பாக இருக்கிறதா, சளி தெரிகிறதா. ஒருமுறை சிவப்பாக ஏதோ மிதந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மறுபடி பார்த்தால், தக்காளித் தோல். செவ்வாய்க்கிழமை தின்ற தக்காளிச் சட்னி. தோலும் விதையும் ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நர்ஸம்மா தின்றது.

"மேரி, என்னாச்சு? சத்தத்தையே காணோம்" என்று வெளியே என் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அவர் எங்கள் வீடு இருக்கிற அன்னவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பொறுமைசாலி.

"செத்துப் போகல. தள்ளி நில்லுங்க!" என்று கத்தினேன். பாவம், தள்ளியே நின்றார்.

காலையில் பஸ்ஸை நம்பவில்லை. பக்கத்து வீட்டுக் காரில் கிளம்பி, வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தச் சொல்லி ஓடிவிட்டுத்தான் புதுக்கோட்டை போய்ச் சேர்ந்தோம்.

3. ரேவதியின் முதுகு

பின்பக்கம் திறந்த கவுனைப் போட்டுக்கொண்டு இடது பக்கமாகப் படுத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கினேன். தினமும் பக்கத்தில் நின்று பார்க்கிற டேபிள்தான். அதில் படுத்தால் ஏசி இவ்வளவு குளிரும் என்று தெரியாது.

ஜூனியர் ரேவதி என் தோளைத் தட்டினாள். நான் பழக்கிய பெண். "ஒண்ணும் இல்ல சிஸ்டர், வயித்துல காத்து அடைச்ச மாதிரிதான் இருக்கும்" என்றாள். என் வசனம், என் குரல்கூட. எரிச்சலாக வந்தது.

"மயக்க ஊசி வேண்டாம் சார். நான் ஸ்க்ரீனப் பாக்கணும்" என்றேன்.

"சிஸ்டர், இன்னிக்கு ஒருநாள் பேஷண்ட்டா இருங்களேன்" என்றார் டாக்டர்.

"பேஷண்ட்டுதான் சார் கேக்குறேன்."

சிரித்துவிட்டுச் சம்மதித்தார். குழாய் உள்ளே போகும்போது வளைவுகளில் வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். பெருங்குடலின் கோடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வரும்போதுதான் உண்மையான சோதனை நடக்கும். டாக்டர் மெல்ல வெளியே இழுத்துக்கொண்டே, மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். கணக்குப் பேப்பர் கஷ்டமாம். நானும் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

கணக்குப் பேப்பர் பாதியில் நின்றது. குழாயும் நின்றது.

ரேவதி டிரிப்ஸைச் சரிசெய்ய வந்தாள். டிரிப்ஸ் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எனக்கும் ஸ்க்ரீனுக்கும் நடுவில் வந்து நின்றாள், நகரவில்லை. அது நான் சொல்லிக் கொடுத்த வேலை. ஏதாவது தென்பட்டால் பேஷண்ட் பார்த்துப் பயந்துவிடக் கூடாது, அதனால் ஏதோ வேலை இருக்கிற மாதிரி குறுக்கே நின்றுகொள் என்று அவள் சேர்ந்த புதிதில் சொல்லியிருந்தேன். இரக்கம் என்று நினைத்துத்தான் சொன்னேன். இப்போது அவளுடைய யூனிஃபார்ம் முதுகைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. அண்ணன் வயிற்றில் இருந்த பை மட்டும் தெரிந்தது.

"ரேவதி, தள்ளு."

"சிஸ்டர், ஆடாம இருங்க..."

"தள்ளுடி!"

டாக்டர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் நகர்ந்தாள்.

"பாலிப் சிஸ்டர். பாருங்க. ஸ்னேர் போட்டு இப்பவே எடுத்துருவோம்."

குடல் சுவரில், காம்போடு ஒரு சின்னக் காளான் முளைத்த மாதிரி ஒரு சதை வளர்ச்சி இருந்தது. எத்தனையோ பேர் குடலில் பார்த்திருக்கிறேன். இது என்னுடையது. ஸ்னேர் என்கிற கம்பிச் சுருக்கு அதன் காம்பில் விழுந்தது, இறுகியது, கரண்டில் கருகி அறுந்தது. வலியே இல்லை. விசித்திரம் என்னவென்றால், கண்ணால் பார்த்ததும் பயம் பாதியாகிவிட்டது. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு கிடந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் தாங்க முடியாததாக இருந்தது.

4. ரிசல்ட்

எடுத்ததைக் கேன்சரா என்று பார்க்கப் பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும் வரை நான் வேலைக்குப் போனேன், ஆனால் வேலை பார்த்தேன் என்று சொல்ல முடியாது. சிரிஞ்சைக் கீழே போட்டேன். ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருவருக்குச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முழங்காலில் நின்றால் ஜெபம் வரவில்லை, பயாப்ஸி என்கிற வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

டாக்டர் காரிடாரில் வைத்தே சொன்னார்: "சிஸ்டர், கேன்சர் இல்ல. ஆனா விட்டிருந்தா ஒருநாள் ஆகியிருக்கும். மூணு வருஷம் கழிச்சு மறுபடி பாப்போம்."

பேஷண்ட்டுகள் உட்காரும் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"கேன்சர் இல்லண்ணே. சின்னக் கட்டிதான், கெட்டதா மாறுறதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க."

"சேசுவே" என்றார். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"மேரி, எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துருக்கும், இல்ல?"

ஆளாளுக்கு மாறும் அண்ணே, அதெல்லாம் யாருக்குத் தெரியும் என்று பூசி மெழுகியிருக்கலாம். அப்படிப் பேசுவது எனக்குக் கைவந்த கலை. அன்றைக்கு மனசு வரவில்லை.

"ஆமாண்ணே. அப்படித்தான் இருந்துருக்கும்."

"லூர்து பாத்துட்டானா?"

"அவன் வரமாட்டேங்குறான்."

"நான் கூட்டிட்டு வாரேன்" என்றார்.

சொன்னபடியே ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்தார். பவுடர் குடித்த களைப்பில் லூர்து வெயிட்டிங் ஹாலில் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. எதிர் பெஞ்சில் ஒருவர் தன் மனைவியிடம், "வேணாம், மூலமாத்தான் இருக்கும், வா போவோம்" என்று முனகிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பேசுவதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அத்தனை பேர் முன்னாலும் சட்டையைத் தூக்கி, வயிற்றில் இருந்த பையைக் காட்டினார்.

"இந்தா பாருங்க. நானும் மூலம்னுதான் இருந்தேன். ஏந்தங்கச்சி இந்த ரூமுக்குள்ளதான் வேல பாக்குது. அதுகிட்டச் சொல்ல வெக்கம் எனக்கு. உள்ள போங்க."

லூர்து போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு என்னிடம் வந்தான்.

"அக்கா, கவுனு எங்க மாத்துறது?"

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பயம் காட்டாதீர்கள், ஆனால் மறைக்காதீர்கள். பார்க்க முடியாததற்குத்தான் மனுஷன் அதிகம் பயப்படுகிறான். அன்றைக்குத் தம்பியை உள்ளே படுக்க வைத்து, ஸ்க்ரீனை அவன் பக்கம் திருப்பி வைக்கும்படி ரேவதியிடம் சொல்லிவிட்டு, வெளியே வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.