காலண்டரிடம் சொன்னது

இந்த ஊர் அலுவலகச் சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு விஷயம் எனக்கு இன்னும் பழகவில்லை. உப்பு கேட்கும் அதே குரலில், "நான் என் அம்மாவோடு பேசி வருஷக்கணக்காகிறது" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். எதிரே இருப்பவர் தலையாட்டிவிட்டு உப்பை நகர்த்துவார். ஜெர்மன்காரர்கள் இதற்கென்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்: கொண்டாக்ட்அப்புருக். தொடர்பை முறித்துக்கொள்வது. போன ஆவணியில் நானும் என் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன் என்று சொன்னபோது, என்னோடு வேலை பார்க்கும் சபீனா எழுந்து வந்து கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னாள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தபோதுகூட அவள் எழுந்து வரவில்லை. "அடிப்பாரா?" என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை, வீட்டில் பட்டாசு செய்கிறார் என்றேன். "அட, புது வருஷத்துக்கு நாங்களும் வாங்குவோமே!" என்று முகம் மலர்ந்தாள். அதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பில்லை.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம். அப்பா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஓய்ந்தவர் என்பது பேச்சுக்குத்தான். சீசன் வந்தால் வேனில் சாக்கு வந்து இறங்கும். மருந்து அடைத்த வெடிகளைக் கூடத்தில் கொட்டி, திரிகளை நூலால் சேர்த்துக் கட்டி, சரமாகப் பின்னிக் கொடுக்க வேண்டும். வீட்டில் வைத்துச் செய்யக்கூடாது என்று சட்டமே இருக்கிற வேலை. செய்யாத வீடு எங்கள் தெருவில் குறைவு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எதிர்வீட்டில் ஒரு மத்தியானம் இப்படித்தான் கூரை பறந்தது. அந்த வீட்டு அக்காவைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் திரும்பி வரவில்லை. இப்போது எங்கள் கூடத்தில் அண்ணனுடைய பெண் குழந்தைகள் இருவரும் ஓடி விளையாடுகிறார்கள். வீட்டுக்குள் வேண்டாம் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். விட்டுவிட்டதாகப் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அடுத்த வாரம் வீடியோவில் அவர் தோளுக்குப் பின்னால் சாக்கு தெரிந்தது. கேட்டால், "அம்புட்டுப் பேரும் வீட்டுலதான் பின்னுறாக. நம்ம வீடு மட்டும் என்ன ஒசத்தி?" என்றார். எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். சாக்கு வெளியே போகிற வரைக்கும் உங்களோடு பேச மாட்டேன் என்று சொல்லி, அவர் நம்பரை பிளாக் செய்தேன்.

அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் ஊரில் பேசாமல் இருப்பதும் ஓர் உறவுதான். கிணற்றுத் தகராறில் அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்தினார்கள். ஆனால் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பார்த்தது அப்பாதான். பந்தல்காலைப் பார்த்து, "ஏ பந்தக்காலே, சாம்பார் பத்தலயாம்லே, பெரிய மனுசங்க வந்து பாக்க மாட்டாகளா?" என்பார். பெரியப்பா அண்டாவைப் பார்த்து, "ஏ அண்டாவே, கொதிச்சுக்கிட்டு இருக்குன்னு சொல்லு" என்பார். இருவரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில்கூட இத்தனை பேசியதில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமையே அப்பா ஆரம்பித்துவிட்டார். அம்மாவின் வீடியோ அழைப்பு. திரையில் அம்மா முகம், பின்சுவரில் தினசரிக் காலண்டர். திரைக்கு வெளியிலிருந்து குரல் வந்தது: "ஏ காலண்டரே, அங்கன குளிரு சாஸ்தியாம்லே. காத மூடிக்கிட்டுப் போகச் சொல்லு." அம்மா சிரிப்பை அடக்கினாள், நானும் அடக்கினேன். அடுத்தடுத்த வாரங்களில் காலண்டர் என் சாப்பாட்டை விசாரித்தது, லீவு எப்போது என்று கேட்டது. பிளாக் செய்வதற்கு முன் அப்பா இதில் பாதிகூடக் கேட்டதில்லை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதுதான் கொடுமை. பிறகு ஒரு வாரம், அந்தக் குரலுக்கு நடுவே நூலை இழுத்து முடிச்சுப் போடும் சத்தம் கேட்டது. மனிதர் பின்னிக்கொண்டேதான் என்னைப் பாசமாக விசாரித்துக்கொண்டிருக்கிறார். என் மௌனத்தால் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

"அவர் குரல் கேட்டா நான் போனை வச்சிருவேன்" என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அவர எங்கன போகச் சொல்ல? ஒனக்கென்ன தாயி, அங்கன ஆளுக்கொரு ரூம்பு" என்றாள் அம்மா. சொன்னபடியே வைத்தேன். காலண்டர் வாயைத் திறந்ததும் வைத்தேன். சபீனாவுக்கு என்னைப் பார்த்துப் பெருமை.

ஐப்பசியில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது போனில் செய்தி. எங்கள் ஊருக்குக் கிட்ட, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் வெடி விபத்து. ஊர்ப் பெயர் போடவில்லை. அம்மா நம்பரை அழுத்தினேன். எடுத்தார்கள். மூச்சுச் சத்தம், பிறகு ஓர் இருமல். அப்பாவின் இருமல். ஜன்னலுக்குக் கீழே இருக்கும் ஹைட்சுங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த ஊரில் வீட்டைச் சூடாக்கும் இரும்புக் கம்பி வரிசை அது.

"ஏ காலண்டரே, இங்கன எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்னு சொல்லு. வெடிச்சது வேற ஊரு. இந்தா, பிள்ளைக ரெண்டும் என் பக்கத்துலதான் மத்தியானத் தூக்கம் தூங்குதுக."

போனை வைத்திருக்க வேண்டும். முடியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஜெர்மன் இரும்பைப் பார்த்துத் தமிழில் பேசினேன்: "ஏ ஹைட்சுங்கே, சாக்கு வெளிய போயிருச்சான்னு கேளு."

பதில் வந்தது: "ஏ காலண்டரே, இந்த லோடு மட்டுந்தான்னு சொல்லு. ஆர்டர் எடுத்தாச்சு." கூடவே நூல் இழுபடும் சத்தம். நான் போனை வைத்தேன்.

அன்று மத்தியானம் சபீனா, உறுதியாக இருக்கிறாயா என்று கேட்டாள். அப்பாவோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றேன். பொய்யில்லை. அவள் மகிழ்ச்சியாக உப்பை என் பக்கம் நகர்த்தினாள்.

அதற்குப் பிறகு அம்மாவின் அழைப்பையும் நான் எடுப்பதில்லை. எடுத்தால் காலண்டர்தான் பேசும். அண்ணன் மனைவி, மதினி மட்டும் பிள்ளைகளின் படத்தை அனுப்புகிறாள். படத்தின் மூலையில் சாக்கு தெரிகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். தினமும் காலையில் ஹைட்சுங்கிடம், சாக்கு வெளியே போய்விட்டதா என்று கேட்கிறேன். கை வைத்தால் நல்ல சூடு. ஆனால் இந்த ஊரில் செய்தது. பேசாதவர்களுக்கு நடுவே நின்று பதில் வாங்கித் தரும் வழக்கம் அதற்குத் தெரியாது.