மருந்துக் கையும் மஞ்சள் தண்ணியும்

திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் தண்ணி ஊத்துகிற நாள். நான் காலையிலிருந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எங்கள் காம்பராவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் இரத்தினபுரியில் டாக்டரிடம் இரண்டு கைகளையும் காட்ட வேண்டும். என் தோலுக்குப் பொறுமை கிடையாது. பழசு உதிர்வதற்குள் புதுசு வளர்ந்து, செதில் செதிலாக அடுக்கிக்கொள்ளும். நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். சிரட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலை உரிப்பது போல என்னையும் உரிக்கலாம். அந்த வளர்ச்சியை அடக்க ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இடது கைக்கு ஒரு டியூப், வலது கைக்கு ஒரு டியூப். ஒன்றில்தான் மருந்து, மற்றது வெறும் களிம்பு. எது எதுவென்று டாக்டருக்கே தெரியாதாம். கையில் மஞ்சள், வேப்பிலை, எண்ணெய் எதுவும் படக்கூடாது, பட்டால் சோதனையிலிருந்து நீக்கிவிடுவோம் என்று சிங்களத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடைசிவரை ஒழுங்காக இருந்தால் உடம்பு முழுக்கப் பூச அந்த மருந்து கிடைக்கும்.

இடது கை தெளிந்துவிட்டது. வலது கை பழைய சனியன்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ என்று எனக்கு ஒரே பயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தனை வருஷமாக என் மேல் ஒருத்தியும் ஒரு சொட்டு ஊத்தியதில்லை. முறைக்காரிகள் மச்சான்மார்களை விரட்டி விரட்டி நனைப்பார்கள். என்னைக் கண்டதும் செம்பு வேறு பக்கம் திரும்பிவிடும். ஒட்டுவாரொட்டி என்று நினைப்பு. ஒட்டாது என்று எத்தனை பேரிடம் சொல்வது? வெறுத்துப்போய் விட்டுவிட்டேன். ஆனால் இந்த வருஷம் என் இடது கை தெளிந்ததைத் தோட்டமே பார்த்திருந்தது; யாராவது செம்போடு வந்துவிடலாம்.

கதவு தட்டப்பட்டது. என் வீட்டுக்காரியின் தங்கச்சி.

"மச்சான், வெளிய வர்றீங்களா, நான் உள்ள வரட்டா?"

வீட்டுக்காரி ஓடிப்போய் மறித்தாள். "வேணாம்டி! நாளைக்கு டாக்டர்கிட்ட போறாரு. கையில மஞ்ச பட்டா மருந்த நிப்பாட்டிருவாங்க."

செம்போடு நின்றவளின் முகம் சுருங்கிவிட்டது. போனால் போகட்டும் என்று இருக்க எனக்கு மனசு வரவில்லை. வாசலுக்கு வந்தேன். லயத்துச் சனமெல்லாம் கூடி நின்றது.

"கையில மட்டுந்தானே படக்கூடாது? அப்ப ரெண்டு கையையும் மேல தூக்குங்க மச்சான்."

பொலிசுக்கு முன்னால் நிற்கிற களவாணி மாதிரித் தூக்கினேன். ஒரு துளி தெறித்தாலும் எல்லாம் போச்சு. "மெதுவாடி, மெதுவா!" என்று வீட்டுக்காரி கத்தினாள். கொழுந்தியா பதறாமல் நெஞ்சிலிருந்து கீழாக ஊத்தினாள். சட்டை, சாரம் எல்லாம் மஞ்சளாயிற்று. கையில் ஒரு சொட்டும் படவில்லை.

செம்பு காலியான பிறகும் கையை இறக்க எனக்குப் பயம். அப்போது அவள் செம்பின் அடியில் தங்கியிருந்த மஞ்சளை வழித்து, செதில் படிந்த என் கன்னத்தில் தேய்த்தாள். அவள் கூசவே இல்லை, நன்றாக அழுத்தித் தேய்த்தாள்.

வீட்டுக்காரியைத் தவிர இன்னொருத்தர் கை என் முகத்தில் பட்டு எத்தனை வருஷமாயிற்று என்று எனக்கே நினைவில்லை. அழுகை வந்துவிட்டது. இரண்டு கைகளும் மேலேயே இருந்ததால், கண்ணைத் துடைக்கவும் முடியாமல் அத்தனை பேருக்கும் முன்னால் நின்றேன்.