பதினாலாம் தாளில் இருந்த இரண்டு எழுத்து

1. தும்புத்தடியும் மைப்பேனையும்

முதல் நாள் என் கையில் தந்தது தும்புத்தடி. இரண்டாம் நாள்தான் மைப்பேனை வந்தது.

யாழ்ப்பாணத்தில் கட்டடத் திணைக்களத்தில் ஒன்பது வருடம் படவரைஞராக இருந்தவன் நான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தபால் கந்தோர் என்று எல்லாவற்றுக்கும் படம் கீறியாயிற்று. எண்பதுகளில் ஊர் எரிந்தபோது பாரிசுக்கு ஓடிவந்து, மார்க்ஸ் டோர்மோயில் ஐந்து பேர் இருந்த அறையில் ஆறாவது ஆளாக ஒட்டிக்கொண்டேன். லா சப்பலில் ஒரு சிறிய கட்டடக்கலை அலுவலகம் இருந்தது. அங்கே தலைமைப் படவரைஞர் மரியநாதன் ஐயா. புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன். ரூ காய் தெரு மளிகைக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது பழக்கமானவர்.

“பத்ரோன்கிட்ட ஒங்களப் பத்தி சொல்லிட்டேன் தம்பி. ஆனா ஒங்க திப்ளோம் இங்க செல்லாது. கொந்த்ரால துப்புரவு வேலைன்னு போட்டுக்கலாம். மொதல்ல உள்ள வந்துடுங்க, அப்புறம் நான் மாத்தித் தரேன்,” என்றார்.

பத்ரோன் என்றால் முதலாளி. கொந்த்ரா என்றால் வேலை ஒப்பந்தம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். காலையில் ஒரு மணித்தியாலம் தும்புத்தடியால் கூட்டினேன். மிச்சம் ஏழு மணித்தியாலம் கீறினேன். சம்பளச் சீட்டில் மட்டும் எட்டு மணித்தியாலமும் கூட்டினேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தச் சீட்டில் ‘படவரைஞர்’ என்று எழுதவேண்டும். அந்தச் சொல் இருந்தால் இந்த நாட்டில் எந்த அலுவலகக் கதவையும் தட்டலாம். இல்லாவிட்டால் படிப்பும் ஒன்பது வருடப் பழக்கமும் கடலோடு போனது மாதிரித்தான்.

2. ஐந்து மாதம் பனி

இரண்டாம் வருடம் பத்ரோனுக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது. கிழக்கே, சுவிஸ் எல்லைப் பக்கம், மலையில் ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு கால்பந்து மைதானம் கட்டவேண்டும். வருடத்தில் ஐந்து மாதம் பனி கொட்டும் இடம். அந்த ஊர் மேர், அதாவது நகரத் தலைவர், ஒரே பிடியாக நின்றார். மரியநாதன் ஐயா கூட்டத்திலிருந்து வந்து சொன்னார்:

“எங்க ஜனங்க டப்பாக்குள்ள ஒக்காந்து மேட்ச் பாக்காதுங்கிறாரு. பழைய மாதிரி வானம் தெரியணுமாம், தோளோட தோள் இடிச்சிக்கிட்டு நிக்கணுமாம். ஆனா ஜனவரியிலயும் கூட்டம் வரணுமாம். அவ்ளோதான் கேக்குறாரு, பாவம்.”

அந்த மைதானத்தைக் கீறியது நான். பத்ரோன் மெல்லிய தாளில் நாலு கோடு இழுத்துத் தருவார். அதைக் கட்டடமாக்குவது என் மேசையில் நடந்தது. யாழ்ப்பாணத்தில் அத்திவாரம் என்றால் கல் வரும்வரை தோண்டுவோம். இங்கே உறைபனி இறங்காத ஆழம்வரை தோண்டவேண்டும், இல்லாவிட்டால் நிலம் வீங்கிச் சுவரைத் தூக்கிவிடும். ஒரு பக்கம் மட்டும் கூரை. அதன் சரிவைப் பின்பக்கம் விட்டேன், சறுக்கும் பனி சனத்தின் தலையில் விழாமல் பின்னால் விழும்படி. பின்சுவரை முழுச்சுவராகக் கட்டினால் காற்று மேலால் வந்து சுழன்று அடிக்கும் என்று படித்து, இடைவெளி விட்ட பலகைச் சுவராக மாற்றினேன். வழித்த பனியை எங்கே கொட்டுவது என்று யாருமே யோசித்திருக்கவில்லை. மைதானத்தின் வடக்குப் பக்கம் அதற்கு ஆறு மீற்றர் ஒதுக்கினேன்.

ஆனால் நான் பெருமைப்பட்டது, சனம் நிற்கும் படிகளைக் கீறிய பதினாலாம் தாளை நினைத்து.

குளிர் தலையால் வராது, காலால் வரும். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மாசி மாதக் காலைகளில் விசா அலுவலக வரிசையில் நாலு மணித்தியாலம் சீமெந்துத் தரையில் நின்று பழகிய எங்கள் ஆட்களுக்குத் தெரியும். மரக்கறிக் கடையில் காட்போட் பெட்டி வாங்கிக் கொண்டுபோய், பிரித்துக் காலுக்குக் கீழே போட்டுக்கொண்டு நிற்போம். மேலே எத்தனை கோட்டுப் போட்டாலும் அந்த மட்டை இல்லாவிட்டால் நிற்க முடியாது. அதை நினைத்து, சனம் நிற்கும் சீமெந்துப் படிகள் எல்லாவற்றிலும் மரப்பலகை பதித்தேன். தண்ணீர் வடியப் பலகைக்குப் பலகை ஐந்து மில்லிமீற்றர் இடைவெளி விட்டேன்.

மரியநாதன் ஐயா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“யாரு சொன்னது இந்த ஐடியா?”

“வரிசையிலை நிண்ட கால் சொன்னது ஐயா.”

சிரித்தார். தாளின் மூலையில் ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில் தன் பெயரின் எழுத்தைப் போட்டார். அடுத்த கூட்டத்தில் பத்ரோன் அதைத் தன் யோசனையாக மேருக்கு விளக்கினாராம். மேர் எழுந்து கை கொடுத்தாராம்.

தை மாதம் ஒருமுறை அந்த இடத்தைப் போய்ப் பார்க்க விடுங்கள் என்று மரியநாதன் ஐயாவிடம் கேட்டேன்.

“எதுக்கு தம்பி? அங்க வழுக்கி விழுந்து வச்சீங்கன்னா, கூட்டுற ஆள மலைக்கு ஏன் அனுப்புனேன்னு இன்சூரன்ஸ்காரன் கேப்பான். மேப் இருக்கு, போட்டோ இருக்கு, பாத்து போடுங்க.”

பார்த்துப் போட்டேன்.

3. சவர அலகு

இன்று கணினியில் கீறும் பிள்ளைகளுக்கு இது தெரியாது. மையில் கீறிய தாளில் பிழை வந்தால் சவர அலகால் மெதுவாகச் சுரண்டி எடுக்கவேண்டும். எவ்வளவு பக்குவமாகச் சுரண்டினாலும் அந்த இடம் மங்கும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். விரலால் தடவினாலும் தெரியும்.

ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் சிறு கட்டங்கள் இருக்கும். கீறியவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். கீறியவர் கட்டத்தில் என் பெயரின் இரண்டு எழுத்தை, எஸ்.கே. என்று, இருபத்திரண்டு தாளிலும் போட்டிருந்தேன். சபாரத்தினம் குலேந்திரன். திணைக்களத்தில் பழகிய பழக்கம்.

தாள்களின் பிரதிகளை அந்த ஊருக்கு அனுப்புவதற்கு முதல் நாள் மரியநாதன் ஐயா என் மேசைக்கு வந்தார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“எஸ்.கே. யாருன்னு கேட்டா பத்ரோன் என்ன சொல்லுவாரு? கூட்டுறவர்னா? எடுத்துடுங்க தம்பி. கட்டி முடிஞ்சதும் கொந்த்ராவ மாத்திடலாம், எம் பேச்ச நம்புங்க.”

அலகை எடுத்தேன். என் பெயரை நானே சுரண்டினேன். ஒரு தாளுக்கு மூன்று நிமிடம். வேறு யாராவது சுரண்டியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். என் கையே செய்ததால் அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

பதினாலாம் தாளில் மட்டும் நான் கை வைக்கவில்லை. மரியநாதன் ஐயா அதைக் கண்டார். மற்றத் தாள்களோடு சேர்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

4. சட்டம் போட்ட படம்

மைதானம் திறந்தபோது எனக்கு அழைப்பு இல்லை. பத்ரோனும் மேரும் என் பலகையில் நின்று சிரிக்கும் படம் அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்தது. பத்ரோன் அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை.

கொந்த்ரா அடுத்த மாதம் என்றார்கள். பிறகு கோடை விடுமுறைக்குப் பிறகு என்றார்கள். பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். அது என் பிழை. கேட்கிற வாய் மூடினால் கொடுக்கிற கை ஏன் நீளப்போகிறது?

5. வழுக்கியது

மைதானம் திறந்த பிறகு வந்த இரண்டாவது மாரிக் குளிரில், ஆட்டத்தின் இடைவேளை நேரத்தில், ஒரு கிழவர் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர் விழுந்தார்கள். பிழை என் பலகையில்தான். சப்பாத்தில் ஒட்டி வந்த பனி, தண்ணீருக்கென்று நான் விட்ட இடைவெளியில் அடைந்துபோயிருந்தது. கால்சூட்டில் மேற்பரப்பு உருகும், ஆள் நகர்ந்ததும் உறையும். பலகை கண்ணாடி ஆகிவிட்டது. பாரிஸ் வரிசையில் நின்றவனுக்குப் பாரிஸ் குளிர்தான் தெரியும். அந்த ஊரில் ஒரு கொத்தனாரைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். கேட்க என்னை விடவில்லை. போய் வந்தவர்களும் கேட்கவில்லை.

விபத்தை விசாரிக்க இன்சூரன்ஸ் கம்பனியின் காப்புறுதி நிபுணர் வருகிறார் என்று சொன்னார்கள். அன்றைக்குத்தான் பத்ரோன் முதன்முதலாக என் பெயரை முழுதாக உச்சரித்தார். எஸ்.கே. யார் என்று இப்போது அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

அறையில் கூட இருந்த யோகனிடம் சொன்னேன். உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன், என்னைவிட இளையவன், என்னைவிட விவரம்.

“குலமண்ணை, உங்களுக்கு விசரே? பேப்பரிலை நீங்கள் கூட்டுற ஆள். கூட்டுற ஆள் எப்பிடிப் படம் கீறுறது? எனக்குத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. அவங்கள் செய்த வேலை அவங்களையே பிடிக்கட்டும்.”

“நான்தானே கீறினது?”

“கீறினதுக்கு என்ன தந்தவங்கள்? தும்புத்தடிதானே. விசா மாத்திற நேரம் வருது, பேசாமல் இருங்கோ.”

அவன் சொன்னது முழுக்கச் சரி. ஓம் என்று தலையாட்டிவிட்டுத்தான் போனேன்.

நிபுணர் மேசையில் பதினாலாம் தாளை விரித்தார். கீறியவர் கட்டத்தில் எஸ்.கே. கறுப்பாக, சுத்தமாக இருந்தது. பக்கத்தில் சரிபார்த்தவர் கட்டம் வெறுமை. அந்த இடத்தில் தாள் மங்கியிருந்தது. சவர அலகின் தடம் எனக்குத் தெரியாததா? தலையை நிமிர்த்தி மரியநாதன் ஐயாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுக்கு அவருக்கு எட்டு மாதம் இருந்தது. அந்த ஊருக்கு அனுப்பிய பிரதிகளில் அவர் எழுத்து அப்படியே இருக்கும், ஆனால் அவற்றை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

“இதைக் கீறியது நீங்களா?” என்று நிபுணர் கேட்டார்.

இல்லை என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

“ஓம். நான்தான் கீறினேன்,” என்றேன். பிரெஞ்சில்தான் சொன்னேன். ஆனால் முதலில் வந்தது ஓம்.

உண்மைக்காகச் சொன்னேன் என்றால் பொய். அந்தக் கிழவருக்காகவும் இல்லை. அவர் நினைவு வந்தது பிறகுதான், வந்த பிறகு இன்றுவரை போகவில்லை. ஐந்து வருடத்தில் முதன்முறையாக ஒரு பிரெஞ்சுக்காரர் என் படத்தைக் காட்டி நீயா என்று கேட்டார். அதற்கு இல்லை என்று சொல்ல என் நாக்கு எழும்பவில்லை.

பத்ரோன் மூச்சு விட்டார். நிபுணர் அடுத்த கேள்வி கேட்டார்: “இங்கே உங்கள் வேலை என்ன?”

“படவரைஞர்.”

அவர் சம்பளச் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பத்ரோனைப் பார்த்தார். பத்ரோன் விட்ட மூச்சைத் திரும்ப உள்ளே இழுத்தார்.

6. மட்டை

அடுத்த கிழமையே என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேலைச் சான்றிதழில் எழுதியிருந்தது: துப்புரவுப் பணியாளர், ஐந்து வருடம், நன்னடத்தை. அதை எடுத்துக்கொண்டு பதினொரு அலுவலகம் ஏறி இறங்கினேன். பன்னிரண்டாவது இடத்தில் சான்றிதழ் சொன்ன வேலையையே கேட்டு வாங்கினேன். ஓய்வு பெறும்வரை அதுதான்.

மரியநாதன் ஐயாவை ரூ காயில் ஒருமுறை கண்டேன். “தம்பி, நான் ஒங்களுக்கு...” என்று தொடங்கினார். “கத்தரிக்காய் நல்லா இருக்கு ஐயா, வாங்குங்கோ,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பல வருடம் கழித்து, பாரிசுக்கு வெளியே பொண்டியில் வீடு எடுத்த பிறகு, ஒரு தை மாதம் ரயில் ஏறி அந்த ஊருக்குப் போனேன். நான் கட்டியதை அன்றுதான் முதலில் பார்த்தேன். கூரைப் பனி பின்னால்தான் விழுந்தது. வழித்த பனி அந்த ஆறு மீற்றருக்குள்தான் குவிந்து கிடந்தது. பலகைகளை எப்போதோ கழற்றிவிட்டார்கள், ஆணித் துளைகள் மட்டும் மிச்சம். ஒரு தொழிலாளி படிகளில் மணல் தூவிக்கொண்டிருந்தார். சனம் வரத் தொடங்கியது. கைத்தடியோடு வந்த கிழவர்களை எல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்தேன், அவராக இருக்குமோ என்று. ஒவ்வொருவர் கக்கத்திலும் மடித்த காட்போட் மட்டை இருந்தது. படியில் போட்டு ஏறி நின்றார்கள். ஆட்டம் முடிந்ததும் வாசலில் இருந்த பெரிய பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள்.

மட்டையே போதுமாக இருந்திருக்கிறது. நான்தான் அதைப் பலகை ஆக்கினேன்.

இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு விஷயம் உண்டு. எந்த இடத்துக்குக் கீறுகிறீர்களோ அந்த இடத்தை, அந்தப் பருவத்தில், உங்கள் காலால் நின்று பாருங்கள். பார்க்க விடமாட்டோம் என்றால் கீறாதீர்கள். அதற்கும் முதல், உங்களை என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு மாற்றலாம் என்று சொல்கிறவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் கையிலும் ஒரு அலகு இருக்கும்.

அந்த நிபுணரின் அறிக்கையில் ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பிரான்சில் என்னைப் படவரைஞர் என்று எழுதிய காகிதம் அது ஒன்றுதான். ‘தகுதியற்ற படவரைஞர்’ என்று எழுதியிருக்கிறது.