பாலைவன ஏரியில் இரண்டு திசைமுள்கள்

லிவர்மோர் நகரத்துச் சந்தானத்துக்கு வயது ஐம்பத்தேழு. மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் தரச்சோதனை அவர் தொழில். பழுது இருக்கிறது என்று எண்ணித் தொடங்கினால்தான் பழுது அகப்படும் என்பது அங்கே விதி. இருபத்தாறு ஆண்டுகளில் அவ்விதி அலுவலகத்தை விட்டு இறங்கி அவர் வீட்டுக்கும் குடிவந்துவிட்டது. கதவைப் பூட்டியபின் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். விருந்துக்குப் போன வீட்டிலும் பால் கேனைத் திருப்பித் தேதி பார்ப்பார். கோயிலுக்கு வரும் பிள்ளைகள் அவரை ‘டவுட் அங்கிள்’ என்றே அழைத்தார்கள்.

அவர் சோதிக்காமல் நம்பிய ஒரே மனிதர் அப்துல் ரஹீம், கீழக்கரைக்காரர். பதினெட்டு ஆண்டுகளாக ஒரே காரில் மலை தாண்டி இருவரும் வேலைக்குப் போய்வந்தார்கள். சென்ற ஆண்டு இருவருமாகச் சேர்ந்து, இருவர் படுக்கச் சிற்றறையுள்ள பழைய இருபத்திரண்டடிப் படகொன்று வாங்கினார்கள். இந்தக் கோடையில் அதை வண்டிக்குப் பின்னே கட்டி இரண்டு நாள் இழுத்துச் சென்று, யூட்டா மாநிலத்தில் ஒரு பாலைவன ஏரியில் இறக்கினார்கள்.

புறப்படுமுன் கோயிலில் வாகன பூஜை நடந்தது. படகுக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பதென்று சற்றுத் திகைத்த அர்ச்சகர், இழுவண்டியின் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். சந்தானத்தின் மனைவி ப்ரியம்வதா, காரின் முன்தட்டில் ஒட்டும் சிறு பிள்ளையாரைக் கொடுத்தனுப்பியிருந்தாள். ஏரிக்கரையில் சந்தானம் அதைப் படகின் சுக்கானுக்கு முன்னே, திசைகாட்டியை ஒட்டி அமர்த்தினார். வழிகாட்டும் தெய்வத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? ரஹீம் அதைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், மூடிக்கொண்டார். சந்தானம் அதைக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை கிளைப்பள்ளத்தாக்கு ஒன்றனுள் நுழைந்தார்கள். இருபுறமும் செம்பாறை செங்குத்தாக எழுந்தது. பழைய நீர்மட்டம் விட்டுச்சென்ற வெண்பட்டை அவர்கள் தலைக்கு வெகு மேலே ஓடியது. போகப்போக வழி இறுகியது. கையை நீட்டினால் பாறை தொடும் போலிருந்தது. வானம் ஒரு நாடா அகலம், அதிலும் மேகம். கைப்பேசி வரைபடம் படகைப் பாறைக்குள் காட்டியது. பிரிவுக்கு மேல் பிரிவு. எல்லாச் சுவரும் ஒரே முகம்.

நண்பகலில் ஒரு மணல் நாக்கில் இறங்கி ரஹீம் தொழுதார். சந்தானம் படகிலிருந்தபடி திசைமுள்ளைப் பார்த்தார். இந்நாட்டிலிருந்து மக்கா வடகிழக்கு என்று காரில் ஒருமுறை ரஹீமே சொன்னதுண்டு. ஆனால் முள்ளின் கணக்குப்படி அவர் வடமேற்கு நோக்கி நின்றார். தொழும் திசையையே தவறவிடுகிறவர் எனக்கு வழி சொல்லப் போகிறாரா?

திரும்பும் வழியில் மீண்டும் ஒரு பிரிவு வந்தது. எரிபொருள் தொட்டியில் கால் பங்கு பெட்ரோல்தான் மிச்சம். சரியான வழியில் போனால் மிதவைகள் கட்டிய பெருவாய்க்காலை எட்டலாம். தவறினால் ஆளரவமற்ற பாறைகளிடையே நின்றுவிட வேண்டியதுதான்.

“லெஃப்ட்ல திருப்புங்க சந்தானம்.”

“மெயின் சேனல் சவுத்ல இருக்கு பாய். காம்பஸ் பாருங்க, ரைட்டுதான் சவுத்.”

“அந்தக் காம்பஸ நம்பாதீங்க.”

“ஏன்?”

ரஹீம் பாறையைப் பார்த்தார்.

சந்தானத்தின் நெஞ்சில் முள் ஒன்று தைத்தது. பள்ளத்தாக்கின் கோடியிலுள்ள கல் வளைவைப் பார்க்காமல் போகக்கூடாது என்று நேற்றெல்லாம் சொன்னவர் இவர்தானே? முன்கண்ணாடியில் பின்புறம் தெரிந்தது. ரஹீம் படகின் கடைசிவரை நடந்துபோய், முதுகைத் திருப்பிக்கொண்டு, உள்ளங்கையில் எதையோ மறைத்துப் பார்த்தார்.

“கையில என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“அந்த ஆர்ச்சப் பாக்கறதுக்குத்தான என்ன உள்ள கூட்டிட்டுப் போறீங்க? நேராச் சொல்லுங்க பாய்!”

ரஹீமின் முகம் சுருங்கியது. வந்து கையை விரித்தார். தொழும் திசையான கிப்லாவைப் பார்க்கும் சிறிய திசைகாட்டி, பொத்தான் அளவு.

“இதுல லெஃப்ட் சவுத். உங்களதுல ஈஸ்ட். லேக்ல எறங்கின அன்னைக்கே பாத்துட்டேன்.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“என்னன்னு சொல்றது? உங்க சாமியக் கொஞ்சம் தள்ளி வைங்கன்னா? வேற யாராவது சொல்லலாம். நான் சொன்னா நல்லாவா இருக்கும்? எங்கிட்டதான் இது இருக்கே, சமாளிச்சுக்கலாம்னு விட்டேன். பிள்ளையாருக்கு அடியில மேக்னெட் சார்! டெஸ்ட் பண்றதுதான உங்க வேல?”

சந்தானம் எஞ்சினை நிறுத்தினார். பிள்ளையாரைப் பெயர்த்தெடுத்தார். திசைகாட்டியின் முள் தயங்கி, கால் வட்டம் சுழன்று நின்றது. கிட்டே கொண்டுபோனார், பழைய இடத்துக்கே திரும்பியது. விலக்கினார். மீண்டும் கிட்டே.

“இன்னும் எத்தன தடவ?”

“மூணு.”

மூன்று முறையும் ஒரே விடை. பிள்ளையாரை ஏந்திய கையோடு அவர் நின்றார், எங்கே வைப்பதென்று தெரியாமல். ரஹீம் அறைக்குள் போய், துவைத்த துண்டொன்றை எடுத்துப் பனிப்பெட்டியின் மேல் விரித்தார்.

“இங்க உக்காரட்டும். நெழலாவும் இருக்கு.”

படகு இடப்புறம் திரும்பியது. நெடுநேரம் ஒன்றும் மாறவில்லை. சந்தானம் எரிபொருள் முள்ளையே பார்த்தபடி ஓட்டினார். பிறகு வானம் அகன்றது, பாறைகள் விலகின, தொலைவில் சிவப்பு மிதவை ஒன்று ஆடியது. அதன் எண்ணை அவர் இருமுறை வாசித்தார்.

“சாரி பாய். ஆர்ச்சுக்கு அடுத்த வருஷம் போலாம்.”

“போலாம். எக்ஸ்ட்ரா பெட்ரோல் கேன் நான் ஃபில் பண்ணிடறேன்.”

சந்தானம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மூடிக்கொண்டார்.

“சொல்லிடுங்க. நீங்களும் செக் பண்ணணும், அதான?”

“ஒரே ஒரு தடவ” என்றார் சந்தானம்.