மிலானில் வெளியே நின்ற பெண்கள்

போன இலையுதிர் காலத்தில், லண்டனில் மிச்சம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து இத்தாலிக்கு யாத்திரை போனோம். மிலானில் ஒரு பழைய தேவாலயம், அதை ஒட்டி ஒரு மடம். மடத்தின் சாப்பாட்டு அறைச் சுவரில்தான் யேசுவின் கடைசி இராப்போசனம் தீட்டப்பட்டிருக்கிறது. அதன் அச்சுப்படம் தொங்காத கத்தோலிக்க வீட்டுக்கு நான் போனதே இல்லை. அசலைப் பார்க்க வேண்டுமென்று எனக்கும், பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கும் மன்னார்ச் சிநேகிதிக்கும் கனகாலத்து ஆசை. அவள் ஆஸ்பத்திரி வேலையில் ஷிப்ட் மாற்றி, கெஞ்சி லீவு எடுத்துக்கொண்டு வந்தாள்.

யாத்திரையை ஒழுங்கு செய்தவர் எங்கள் பங்குத் தமிழ்க் கமிட்டியின் தலைவர். ஓய்வுபெற்ற கணக்காளர், நன்றாகப் பேசுவார். ஓவியத்தைப் பார்க்கப் போக இருந்த அன்று விடியவே நாங்கள் பெண்கள் எழும்பி, தங்கியிருந்த விடுதிக் குசினியில் எல்லாருக்கும் மீன் சாண்ட்விச் கட்டினோம். ஆண்கள் பஸ்ஸில் ஏறித் தூங்கினார்கள். அதுகூட அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மடத்து வாசலில் தலைவர் டிக்கெட்டுகளை எடுத்தார். வந்தவர்களில் பாதிப்பேருக்குத்தான் இருந்தது.

"அம்மாமார் கோயிலுக்குள்ளை இருந்து செபமாலை சொல்லுங்கோ. நாங்கள் கெதியாப் பாத்திட்டு வாறம்" என்றார்.

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. "டிக்கெட் காணாதெண்டு எப்ப தெரியும், அண்ணை?"

"லண்டனிலையே தெரியும், தங்கச்சி. சொல்லியிருந்தால் நீங்கள் வந்திருப்பியளே? பஸ் நிரம்ப வேணுமெல்லோ."

சிரித்துக்கொண்டு சொன்னார். ஒளிக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

நான் என் கணவரைப் பார்த்தேன். கையில் டிக்கெட்டோடு நின்றார். "எங்கடை வீட்டிலை ஒராளெண்டாலும் பாப்பம்" என்றார். போய்விட்டார்.

 சிநேகிதி உள்முற்றத்துத் தூண் ஒன்றின் அடியில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி, வீங்கிய காலை நீவிக்கொண்டாள். மற்றப் பெண்கள் உண்மையிலேயே செபமாலை தொடங்கிவிட்டார்கள். என்னால் ஒரு மணி தன்னும் உருட்ட ஏலவில்லை.

லண்டன் திரும்பியபின், பங்கு மண்டபத்தில் யாத்திரைப் படங்களைக் காட்ட ஒரு மாலை வைத்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்து அந்த ஓவியத்தைப் பற்றி உருகி உருகிப் பேசினார். ஆண்டவரின் கண்களில் இருந்த துயரத்தை விவரித்தார். பிறகு, "நாங்கள் எல்லாரும் கண் கலங்கி நிண்டம்" என்றார்.

நான் எழுந்தேன்.

"எல்லாரும் இல்லை, அண்ணை. நீங்கள் உள்ளை நிண்டியள். நாங்கள் வெளியிலை நிண்டம். டிக்கெட் இல்லையெண்டு தெரிஞ்சு கொண்டுதான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனியள். அதையும் இந்த மைக்கிலை சொல்லுங்கோ."

பாதர் நிலத்தைப் பார்த்தார். "அடுத்த முறை லேடீசுக்கு முதலிடம் குடுப்பம்" என்று தலைவர் சமாளித்தார். இரண்டு பேர் கை தட்டினார்கள். எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சொல்லச் சொன்னதை அவர் சொல்லவே இல்லை.

வீட்டுக்குப் போகும் ட்ராமில் கணவர், "சபைக்கு முன்னாலை அந்த மனுசனை இப்பிடி அவமானப்படுத்தியிருக்க வேணுமோ?" என்று கேட்டார்.

"என்னை வாசலிலை விட்டிட்டுப் போனது என்னெண்டு நினைக்கிறியள்?"

அதற்குப் பிறகு அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இந்த வசந்தத்தில் நானும் சிநேகிதியும் மட்டும் மிலானுக்குப் போனோம். முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிட்டோம். உள்ளே கால் மணி நேரந்தான் விடுகிறார்கள். சுவர் நான் நினைத்ததைவிட மங்கல். பல இடங்களில் நிறம் உதிர்ந்து, முகங்கள் புகை மூடினதுபோல் இருந்தன. சிநேகிதி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவுதானா, இந்தக் கால் மணியைத் தருவதற்கா அந்த மனிதருக்கு மனம் வரவில்லை என்று நெஞ்சு எரிந்தது.

வெளியே வந்ததும் கணவர் லண்டனிலிருந்து போன் எடுத்தார். "எப்பிடி இருந்தது?"

"வந்து சொல்றன்" என்றேன். இன்னும் சொல்லவில்லை.