காணிக்கைக் கவரில் எழுதிய பெயர்

எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் சபையில் ஏசுபாதத்தைப் போல ஒரு சாது கிடையாது. காலேஜ் பஸ் ஓட்டுகிறார். அவரும் ஒரு பொய்யை இருபத்துநான்கு வருடம் கட்டிக் காத்தார் என்றால் நம்ப மனம் வராது.

பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர், "மாப்பிள்ளை பத்தாவது பாஸ்" என்று அளந்துவிட்டார். கணக்கில் தோற்றிருந்த மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. வாய்த்த மனைவி ரத்தினபாயோ வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுப்பவர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் கழித்து ஒருநாள் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல். "இந்தப் புள்ளைங்களுக்கு ரெண்டு கணக்கு சொல்லிக் குடுங்க" என்றதும், பஸ்ஸைப் பார்க்கணும் என்று மனுஷர் தாம்பரம் வரைக்கும் ஓடிவிட்டார். அன்றைக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றதாம்.

பத்தாவது கணக்குத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத ரகசியமாய் விண்ணப்பம் போட்டார். மாலையில் மனைவி முன்னறையில் பாடம் நடத்த, இவர் உள்ளறையில் செய்தித்தாளை விரித்து அதன் ஓரத்தில் கணக்குப் போட்டார். இரண்டு தடவை கோட்டை விட்டு, மூன்றாவது தடவை தேறினார். எனக்கு இதில் கோபம்தான். கட்டிய மனைவியிடம் சொன்னால் தலையையா வாங்கிவிடுவார்? ஆனால், இத்தனை வருடம் ஏமாற்றியவன் என்று அவள் வெறுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு.

முதலில் ஆண்டவருக்கு நன்றி, பிறகு மெதுவாக மனைவிக்குச் சொல்லலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திர காணிக்கை போட்டார். கவரில் எழுதும் காரணத்தைப் போதகர் ஆராதனையில் வாசிப்பார். பெயர் வேண்டாமென்றால் 'ஒரு சகோதரர்' என்று எழுதலாம். பிறந்தநாள், கல்யாண நாள் என்று வருடாவருடம் எழுதிப் பழகிய கை, சொந்தப் பெயரையே எழுதிவிட்டது.

"பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறக் கிருபை செய்ததற்காக, ஏசுபாதம்" என்று ஒலிபெருக்கியில் வந்தது. பின் பெஞ்சில் இருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரத்தினபாய் திரும்பவே இல்லை.

ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏசுபாதம் மனைவி முன்னால் தலை குனிந்து நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"அப்போ கல்யாணத்தப்போ சொன்னது பொய்யா?"

"பொய்தான், ரத்தினா."

"யார்கிட்ட டியூஷன் போனீங்க?"

"எங்கயும் போகல. நீ புள்ளைங்களுக்கு நடத்துறத உள்ள இருந்து கேட்டுகினே போட்டேன்."

"கணக்குல எவ்ளோ?"

"முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டா! எங்கிட்ட படிச்சு யாருமே அறுபதுக்குக் கீழ வாங்கினதில்ல." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்து ப்ளஸ் ஒன் எழுதுறீங்க. நாளையிலேர்ந்து உள்ள இல்ல, என் எதிர்ல வந்து உக்காருங்க."