ஆணி ஓட்டை வழியே வந்த விடை

புலமைப்பரிசில் பரீட்சையை எழுதுவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்றுதான் அரசாங்கம் நினைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வட்டக்கச்சிப் பக்கத்தில் அதை எழுதுவது தாய்மார். பிள்ளைகள் பேனையைப் பிடிப்பதோடு சரி.

பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிப் பரந்தனுக்கு ரியூசன் வகுப்புக்குக் கொண்டுபோவார். வழியில் இரண்டு தரம் நிறுத்தி என் வாயில் சோற்று உருண்டையை அடைத்துவிடுவார். சனி, ஞாயிறிலும் விடுதலை கிடையாது. ரியூசன் கொட்டில் பழைய தகரத்தால் அடைத்தது. மீள்குடியேறிய காலத்தில் யார் யார் வீட்டுக்கோ அடித்துக் கழற்றிய தகரங்கள். ஆகவே சுவரெல்லாம் ஆணி ஓட்டை. வெளியே வேப்பமர நிழலில் உரப்பையை விரித்துப்போட்டுத் தாய்மார் காத்திருப்பார்கள். "உங்கட பிள்ளைக்கு எத்தினை மார்க்ஸ்?" என்பதுதான் அங்கே நலம் விசாரிக்கிற முறை.

எனக்கோ மார்க்ஸ் இறங்கிக்கொண்டே வந்தது. கணக்குத் தாளைக் கண்டால் வயிறு நோகும். காலையில் எழும்பும்போதே அழுகை வரும். நடிப்பில்லை, உண்மையாகவே நொந்தது. எப்படியாவது இந்த ரியூசனிலிருந்து தப்பவேண்டும் என்பதுதான் அந்த வயதில் எனக்கிருந்த ஒரே வேண்டுதல். பிள்ளையாருக்குத் தேங்காய்கூட நேர்ந்து வைத்திருந்தேன்.

பிள்ளையார் ஒரு சனிக்கிழமை கண் திறந்தார். படிப்பிக்கிற சேர் ஒரு கணக்கை உரத்து வாசித்தார்: இரண்டு, ஐந்து, பத்து, பதினேழு, அடுத்த எண் என்ன? நான் முழித்துக்கொண்டிருக்க, தகரத்துக்கு அப்பாலிருந்து "இருபத்தாறு" என்று ஒரு மெல்லிய குரல் வந்தது. எழுதினேன். தகர ஓரத்து வாங்குப் பலகையில் என்னோடு இருந்த மூன்று பேரும் எழுதினார்கள். மற்ற வாங்குகளில் ஒருவருக்கும் விடை வரவில்லை.

"எப்பிடி வந்தது?" என்று சேர் கேட்டார். நாங்கள் நாலு பேரும் தகரத்தைப் பார்த்தோம்.

சேர் வெளியே போனார். நாங்கள் ஆளுக்கொரு ஓட்டையில் கண்ணை வைத்தோம். தாய்மார் எல்லாரும் திடீரென்று வேப்பமரத்தில் எதையோ தேடத் தொடங்கியிருந்தார்கள். என் அம்மா மட்டும் எழும்பினார். அவர் யுத்தத்துக்குள் ஏழாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவர். பிறகு படிக்கக் கிடைக்கவில்லை. ஒரு குச்சியால் மண்ணில் எண்களை எழுதினார். "மூண்டு, அஞ்சு, ஏழு எண்டு கூடிக்கொண்டு போகுது சேர். அடுத்தது ஒன்பதுதானே?" பயந்து தொடங்கிய குரல் முடியும்போது நன்றாக உரத்திருந்தது.

சேர் சிரித்துவிட்டார். "சரியக்கா. ஆனா சோதினை மண்டபத்துக்குக் கல்லுச்சுவர்."

வீட்டுக்கு வந்ததும் நான் முழுக்கதையையும் அப்பாவிடம் ஒப்புவித்தேன், வயிற்று நோவையும் மறக்காமல் சேர்த்து. அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்ப ரியூசனுக்குப் போறது ஆர், இவளோ நீரோ?" என்று அம்மாவைக் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "பிள்ளை காய்ஞ்செல்லோ போனாள். நாளையிலயிருந்து வேண்டாம்."

"இஞ்சருங்கோ, இன்னும் ஒரு மாசம் போகட்டுமே" என்று அம்மா மூன்று தரம் கேட்டார். அப்பா அசையவில்லை. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம்.

வயிற்று நோ மருந்தில்லாமலே மாறிவிட்டது. பின்னேரமெல்லாம் வாய்க்காலில் குதித்தேன். அடுத்த பள்ளிக்கூடச் சோதனையில் மார்க்ஸும் ஏறியது. அப்பா அதைக் கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொல்லித் திரிந்தார். அம்மா ஓம், ஓம் என்று தலையாட்டினார்.

ஒருநாள் வாய்க்காலில் விடக் கப்பல் செய்வோமென்று, மாதிரி வினாத்தாள்கள் மிஞ்சிக் கிடந்த கட்டை அலுமாரியிலிருந்து இழுத்தேன். அம்மா குசினியில் சமையலை விட்டுவிட்டு ஓடிவந்து பறித்தார்.

"கிழிச்சுப் போடாதை. நான் இன்னும் செய்து முடிக்கேல்லை."

பரீட்சையே இல்லாத ஓர் ஆளுக்கு வினாத்தாள் எதற்கு? அம்மா வரவரக் கஞ்சப்பிசினாறி ஆகிவிட்டார் என்று எனக்கு ஒரே கோபம். பழைய கொப்பி ஒன்றைக் கிழித்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினேன்.